நீங்க கட்டி மேய்க்கிறது எந்த எடிஷன்?

ஊர்ல அஞ்சு சென்ட் நிலம் வாங்கணும்னாக்கூட நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டுப் பார்ப்பாங்க. மூலப்பத்திரம் கேட்பாங்க. பட்டா யார் பேர்ல இருக்குன்னு விஏஓகிட்ட விசாரிப்பாங்க. சொந்தத்துல ஒரு வக்கீல் இருந்தா அவர்கிட்டயும் ஒருதடவை காட்டிடுவாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் அட்வான்ஸ்.

அதே ஆள் புனேவுலயோ நொய்டாவுலயோ ஒரு கம்பெனியில வேலைக்குச் சேர்றான். "இந்த டேட்டாபேஸ் சர்வர் இன்னையிலேருந்து உன் பொறுப்பு"ன்னு சொல்றாங்க. பாஸ்வேர்டை வாங்கிக்கிறான், ஒரு காபி குடிக்கிறான், ஆணி புடுங்க உட்கார்ந்துடறான். அந்தச் சர்வர்ல உட்கார்ந்திருக்கிறது எந்த எடிஷன், அதை வச்சு தொழில் நடத்த அனுமதி இருக்கா, அதோட எல்லை என்ன, ஒண்ணும் கேட்கிறதில்ல. வில்லங்கம் பார்க்காம கிரயம் பண்ணின மாதிரிதான் இது. வித்தியாசம் என்னன்னா, நிலத்துல போறது நம்ம காசு. இங்க போறது நம்ம பேரு.

இதைச் சொன்னா பொட்டி தட்டுற நண்பர்கள் நிறைய பேர் சிரிக்கிறாங்க. "அதெல்லாம் பர்சேஸ் டிபார்ட்மென்ட் வேலைப்பா"ன்னு ஒருத்தர். "ஓடிட்டுத்தானே இருக்கு, எதுக்கு நோண்டுறே"ன்னு இன்னொருத்தர். "நம்ம கம்பெனி சின்ன மீனு, எவன் வந்து பார்க்கப்போறான்"னு மூணாவது ஆள். இந்த மூணு பேர்கிட்டயும் சண்டை போடத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க. வீட்ல இருக்கிறவங்களும் படிங்க. உங்க பையனோ, மருமகனோ, தம்பியோ இந்த ஊர்கள்ல ஏதோ ஒரு சர்வர் ரூம்லதான் உட்கார்ந்திருக்கார். அவர் தலைமேல என்ன தொங்குதுன்னு உங்களுக்கும் தெரியட்டும்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். வெர்ஷன் வேற, எடிஷன் வேற. அரிசிக் கடையில போய் "இது போன வருஷ அறுவடையா, இந்த வருஷமா"ன்னு கேட்கிறது வெர்ஷன். "இது பொன்னியா, ஐ.ஆர். 20-ஆ, ரேஷன் அரிசியா"ன்னு கேட்கிறது எடிஷன். ரெண்டும் தெரிஞ்சாத்தான் விலை பேச முடியும். "எங்ககிட்ட 2019 இருக்கு"ன்னு மட்டும் சொல்றவர், "எங்க வீட்ல போன வருஷ அரிசி இருக்கு"ன்னு சொல்ற மாதிரி பாதிதான் சொல்றார்.

நான் தினமும் மாரடிக்கிறது மைக்ரோசாஃப்டோட சீக்வல் சர்வர்கூட. அதையே எடுத்துக்குவோம். அதுல எக்ஸ்பிரஸ்னு ஒண்ணு. இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம், ஆனா கையைக் கட்டி விட்டிருப்பாங்க. ஸ்டாண்டர்டு, என்டர்பிரைஸ் ரெண்டும் காசுக்கு. எவாலுவேஷன்னு ஒண்ணு 180 நாளைக்கு மட்டும், ருசி பார்க்க. கடைசியா டெவலப்பர். 2022 பதிப்பு வரைக்கும் இதுல என்டர்பிரைஸ்ல இருக்கிற எல்லா வசதியும் இருக்கும். 2016-லேருந்து யாருக்கும் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை: எழுதிப் பார்க்க, சோதிச்சுப் பார்க்க மட்டும்தான். நிஜ வியாபாரத்தை அதுமேல ஓட்டக்கூடாது.

இங்கதான் வில்லங்கமே. டெவலப்பர் எடிஷனை நிஜ வியாபாரத்துக்கு ஓட்டினா, மென்பொருள் உங்களைத் தடுக்காது. ஒரு எச்சரிக்கை வராது, வேகம் குறையாது, 180 நாள் கணக்கும் கிடையாது. வருஷக்கணக்கா ஜம்முனு ஓடும். போடும்போது ஒரு பட்டியல்லேருந்து எவாலுவேஷன், டெவலப்பர், எக்ஸ்பிரஸ்னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும், இல்லைன்னா சாவி எண்ணைக் கொடுக்கணும். சாவி கையில இல்லாத ஆள், முதலாளி அவசரப்படுத்தினா எதைத் தேர்ந்தெடுப்பான்? எக்ஸ்பிரஸ்னா எல்லை இருக்கு, எவாலுவேஷன்னா ஆறு மாசத்துல நின்னுடும். அப்ப மிச்சம்? அதேதான். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். அவனும் ஒரு வருஷத்துல வேற கம்பெனிக்குப் போயிடுவான். அவன் உட்கார்ந்த நாற்காலியில நம்ம பையன் வந்து உட்காருவான்.

விலை என்னன்னு தெரிஞ்சா இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். 2022 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் அறிவிச்ச விலை, ரெண்டு கோர் கொண்ட ஒரு பொட்டலத்துக்கு, ஸ்டாண்டர்டு 3,945 டாலர், என்டர்பிரைஸ் 15,123 டாலர். ஆண்டுக்கு இல்ல, ஒருதடவைதான். ஆனா சர்வர்ல எத்தனை கோர் இருக்கோ அத்தனைக்கும் வாங்கணும். 16 கோர் இருக்கிற ஒரு சாதாரண சர்வருக்கு எட்டு பொட்டலம். ஸ்டாண்டர்டுன்னா 31,560 டாலர், ரூபாய்ல கால் கோடிக்கு மேல. என்டர்பிரைஸ்னா 1,20,984 டாலர், ஒரு கோடிக்கு மேல. ஒரு எழுத்தை மாத்திப் படிச்சதுக்கு இவ்வளவு வித்தியாசம்!

சரி, எப்படிப் பார்க்கிறது? ரொம்ப சுலபம், ஒரு நிமிஷ வேலை. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவுல ஒரு புது க்வெரி ஜன்னலைத் திறந்து, செலக்ட்னு எழுதி, ஒரு இடம் விட்டு, ரெண்டு அட் குறி போட்டு வெர்ஷன்னு அடிச்சு ஓட்டினா ஒரு நீளமான வரி வரும். அதுலயே எடிஷன் பேர் இருக்கும். அதைவிட சுத்தமான வழி சர்வர்பிராப்பர்ட்டிங்கிற ஃபங்ஷன். அதுக்குள்ள ஒற்றை மேற்கோள் குறியில எடிஷன்னு கொடுத்தா எடிஷன் மட்டும் வரும். புராடக்ட்வெர்ஷன்னு கொடுத்தா எண் வரும். புராடக்ட்லெவல்னு கொடுத்தா சர்வீஸ் பேக் நிலவரம் வரும். மூணையும் எடுத்து வச்சுக்கங்க.

எண்ணைப் படிக்கத் தெரியணும். 10-ல ஆரம்பிச்சா 2008, 10.50-ன்னு இருந்தா 2008 ஆர்2, 11-னா 2012, 12-னா 2014, 13-னா 2016, 14-னா 2017, 15-னா 2019, 16-னா 2022, 17-னா 2025.

"இவ்வளவுதானா, இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்"னு கேட்பீங்க. அங்கதான் ஆப்பு இருக்கு. வரி வர்றது சுலபம், சரியாப் படிக்கிறதுலதான் ஆளுங்க கோட்டை விடறாங்க. நான் பார்த்த வரைக்கும் அஞ்சு இடத்துல வழுக்குது.

ஒண்ணு. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவோட ஹெல்ப் மெனுவுல போய் அபவுட்டைத் திறந்து அங்க இருக்கிற எண்ணை எழுதிக் கொடுக்கிறது. அது உங்க மேசைமேல இருக்கிற கருவியோட எண்ணு. சர்வரோடது இல்ல. பஸ்ல கண்டக்டர் போட்டிருக்கிற சட்டை எந்த வருஷம் தைச்சதுன்னு பார்த்து பஸ் மாடல் சொல்ற கதை.

ரெண்டு. அந்த நீள வரியோட கடைசியில வர்ற விஷயம் விண்டோஸைப் பத்தினது. பழைய சர்வர்கள்ல வரிக் கடைசியில சர்வீஸ் பேக் 2-ன்னு இருக்கும். "எங்க சீக்வல் சர்வர்ல சர்வீஸ் பேக் 2 போட்டாச்சு"ன்னு ரிப்போர்ட் எழுதிடுவாங்க. அது விண்டோஸோட சர்வீஸ் பேக். சீக்வல் சர்வர் போட்டது போட்டபடி ஒட்டடை அடிச்சுக் கிடக்கும்.

மூணு. இதுதான் ரொம்ப ஆபத்து. இன்ஜின்எடிஷன்னு ஒரு எண் உண்டு. கருவிகள் எழுதுறவங்க நிறைய பேர் அதைத்தான் பார்க்கிறாங்க. அதுல 2 வந்தா ஸ்டாண்டர்டு, 4 வந்தா எக்ஸ்பிரஸ், 3 வந்தா என்டர்பிரைஸ். ஆனா 2022 பதிப்பு வரைக்கும் டெவலப்பருக்கும் 3-தான், எவாலுவேஷனுக்கும் 3-தான்! கோடி ரூபாய் சரக்குக்கும், காசே கொடுக்காத சரக்குக்கும், ஆறு மாசத்துல செத்துப்போற சரக்குக்கும் ஒரே எண். அந்த எண்ணை மட்டும் எக்ஸெல்ல நிரப்பி மேல அனுப்பினா, "நம்மகிட்ட என்டர்பிரைஸ் இருக்கு"ன்னு கம்பெனி நிம்மதியாத் தூங்கும்.

நாலு. வெறுமனே என்டர்பிரைஸ் எடிஷன்னு வர்றதுக்கும், அதுக்குப் பின்னாடி கோர் அடிப்படை லைசன்சிங்னு சேர்ந்து வர்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. முதல் வகை பழைய சர்வர் மற்றும் கேல் கணக்குல வந்தது, 20 கோருக்கு மேல தொடாது. 32 கோர் சர்வர் வாங்கி அதுமேல இதைப் போட்டுட்டு, "ஏன் மீதி எல்லாம் சும்மா இருக்கு"ன்னு மண்டையை உடைச்சுக்கிட்டவங்க உண்டு.

அஞ்சு. ஒரே சர்வர்ல ஒண்ணுக்கு மேல இன்ஸ்டன்ஸ் இருக்கலாம். ஒண்ணு ஸ்டாண்டர்டு, பக்கத்துல ஒண்ணு எக்ஸ்பிரஸ், மூலையில எவனோ போட்டுட்டுப் போன எவாலுவேஷன். ஒண்ணைப் பார்த்துட்டு "பார்த்தாச்சு"ன்னு சொன்னா, கூட்டுக்குடும்பத்துல ஒரு ஆளைப் பார்த்துட்டு மொத்த வீட்டுக்கும் ஜாதகம் எழுதின மாதிரி. கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து எல்லா இன்ஸ்டன்ஸையும் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா கேளுங்க.

இப்ப அந்த மூணு நண்பர்களுக்கு வர்றேன்.

"ஓடிட்டுத்தானே இருக்கு." வடக்கே வந்து பத்து வருஷம் ஆனவங்களுக்கு இதோட இந்தி வடிவம் காதுலயே ஒலிக்கும்: "சல் ரஹா ஹை நா? தோ சல்னே தோ." அண்ணே, ஓடுறது எப்ப நிக்கும்னு எடிஷன்தான் முடிவு பண்ணுது. எக்ஸ்பிரஸை எடுத்துக்கங்க. 2008 ஆர்2-லேருந்து 2022 வரைக்கும் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி எல்லை. அதுக்கு முந்தி 2005, 2008-ல 4 ஜிபி. 2025 பதிப்புலதான் 50 ஜிபி ஆக்கினாங்க. 10 ஜிபி நிறைஞ்ச அன்னைக்கு என்ன ஆகும்? பழைய பில்லைப் பார்க்கலாம். புது பில் போட முடியாது. அது பெரும்பாலும் மாசக் கடைசியாவோ தீபாவளி வியாபாரமாவோதான் இருக்கும், ஏன்னா அப்பத்தான் நிறைய பில் விழும். எக்ஸ்பிரஸ்ல ஏஜென்ட்டும் கிடையாது. ராத்திரி தானா பேக்கப் எடுக்கிற அந்த வேலைக்காரனே இல்ல. வேடிக்கை என்னன்னா, சர்வீஸ் பட்டியல்ல ஏஜென்ட்டோட பேர் இருக்கும். அதைப் பார்த்துட்டு "பேக்கப் ஓடுது"ன்னு நம்பிக்கிட்டிருப்பாங்க. அது நின்னுக்கிட்டேதான் இருக்கும், கிளப்பவும் முடியாது. விண்டோஸோட டாஸ்க் ஷெட்யூலர்ல தனியா ஏற்பாடு பண்ணியிருந்தா உண்டு, இல்லைன்னா பேக்கப்பே இல்ல.

இங்க கடை வச்சிருக்கிற நம்ம ஆளுங்க, கிளினிக் நடத்துற டாக்டர்கள் எல்லாம் இதைக் கவனிங்க. பில் போட, டோக்கன் போட ஒரு மென்பொருள் வாங்கியிருப்பீங்க. அதுக்கு அடியில சத்தமில்லாம ஒரு எக்ஸ்பிரஸ் உட்கார்ந்திருக்க நிறையவே வாய்ப்பு இருக்கு. வித்தவர் சொல்லியிருக்க மாட்டார். கேளுங்க. எந்த எடிஷன், இப்ப எத்தனை ஜிபி, பேக்கப்பை எது எடுக்குது. மூணு கேள்விதான்.

எவாலுவேஷன் கதை இன்னும் மோசம். 180 நாள் முடிஞ்சதும் சர்வீஸ் கிளம்பாது. டெமோவுக்குப் போட்டதை அப்படியே நிஜமாக்கிடறது நம்ம நாட்டு வழக்கம். "டெமோதானே, பார்த்துக்கலாம்"னு போட்டது, ஆறு மாசம் கழிச்சு ஒரு ரீஸ்டார்ட்டுல எழுந்திருக்காமப் போகும். சாவி வாங்கி எடிஷன் அப்கிரேடு பண்ணா உயிர் வந்துடும், டேட்டா எங்கயும் போகாது. ஆனா அந்த ரெண்டு நாள் கம்பெனி மூடிக்கிடந்ததுக்கு யாரைத் திட்டுவாங்க? டெமோ காட்டினவரையா? :-)

இதைவிட நெஞ்சை அடைக்கிற ஒரு விஷயம் சொல்றேன். டெவலப்பரையோ என்டர்பிரைஸையோ வச்சு ஓட்டிட்டு, அவசரத்துக்கு இன்னொரு சர்வர்ல ஸ்டாண்டர்டு வச்சிருக்கீங்கன்னு வைங்க. ஒருநாள் மெயின் சர்வர் படுத்துடுது. பேக்கப்பைக் கொண்டுபோய் ஸ்டாண்டர்டுல ரீஸ்டோர் பண்றீங்க. நூறு சதவீதம் வரைக்கும் போகும். கடைசி நொடியில, "இந்த டேட்டாபேஸ்ல இருக்கிற ஒரு வசதி இந்த எடிஷன்ல கிடையாது, திறக்க முடியாது"ன்னு சொல்லி நின்னுடும். 2016-க்கு முந்தின பதிப்புகள்ல கம்ப்ரெஷன், பார்ட்டிஷனிங் இருந்தா இதுதான் கதி. 2016-க்கு சர்வீஸ் பேக் 1 வந்தப்ப இதுல நிறைய வசதிகளை ஸ்டாண்டர்டுக்கும் இறக்கிவிட்டாங்க. ஆனா டேட்டாபேஸையே பூட்டி வைக்கிற டிடிஈ மட்டும் 2017 வரைக்கும் என்டர்பிரைஸ் சரக்காவே இருந்து, 2019-லதான் ஸ்டாண்டர்டுக்கு வந்தது. நாலு மணி நேரம் காத்திருந்து ரீஸ்டோர் பண்ணி, கடைசியில கதவு திறக்கலைன்னா எப்படி இருக்கும்? முன்கூட்டியே பார்க்க வழி உண்டு. பெர்சிஸ்டட் எஸ்கேயூ ஃபீச்சர்ஸ்னு ஒரு சிஸ்டம் வியூ இருக்கு. அதைக் கேட்டா இந்த டேட்டாபேஸ் எந்தெந்த எடிஷன் வசதியைக் கட்டிப் பிடிச்சிருக்குன்னு சொல்லிடும். காலியா வந்தா நல்லது.

"பர்சேஸ் டிபார்ட்மென்ட் வேலை." சரி, அவங்க வாங்கினது ஸ்டாண்டர்டு, பில்லும் இருக்கு. சர்வர்ல போட்டது யாரு? பில்லுல இருக்கிறதும் சர்வர்ல இருக்கிறதும் ஒண்ணான்னு பர்சேஸ்காரர் போய் க்வெரி ஓட்டிப் பார்ப்பாரா? ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். இன்னொண்ணு, லைசன்ஸ் ஆடிட் வரும்போது முதல் கேள்வி பர்சேஸ்காரர்கிட்ட போகாது. "சர்வரைப் பார்த்துக்கிறது யாரு"ன்னுதான் போகும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, விருதுநகர் பக்கம். இங்க ஒரு உதிரிபாகக் கம்பெனியில சிஸ்டம் அட்மினா இருந்தார். சேர்ந்து ஒரு வருஷம் ஆனப்ப கம்பெனிக்கு லைசன்ஸ் சரிபார்ப்புக் கடிதம் வந்தது. தேடிப் பார்த்தா, மொத்த ஸ்டோர்ஸ் கணக்கும் ஓடுறது டெவலப்பர் எடிஷன்ல. மீட்டிங்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தது இவரை. "நீ போட்டதுதானே"ன்னு கேட்டுட்டாங்க. அந்தத் தம்பி வாயால வாதாடலை. சீக்வல் சர்வர் போடும்போது செட்டப் பூட்ஸ்டிராப்ங்கிற ஃபோல்டருக்குள்ள லாக் விழும், தேதியோட. அதைத் திறந்து காட்டினார். அவர் வேலைக்குச் சேர்றதுக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி. மீட்டிங் அமைதியாயிடுச்சு. கம்பெனி கடைசியில ஸ்டாண்டர்டு வாங்கி ஒழுங்கு பண்ணிக்கிச்சு. ஆனா அடுத்த கேள்வி வந்ததே: "சரி, ஒரு வருஷமா நீ பார்த்துக்கிட்டிருந்தியே, ஏன் சொல்லலை?" அதுக்கு அவர்கிட்ட காட்ட எந்த லாக்கும் இல்ல. அந்த வருஷம் இன்க்ரிமென்ட் கிடைக்கலை. ஊர்ல தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்த நேரம்.

அந்த ரெண்டாவது கேள்வி அநியாயம்னுதான் நான் சொல்வேன். காசை மிச்சம் பிடிச்சது முதலாளி, போட்டது போனவன், மாட்டினது இருக்கிறவன். ஆனா அநியாயம்னு புலம்பறதால அது வராமப் போயிடாது. அதுக்குப் பதில் கையில இருக்கணும்.

"சின்ன மீனு, எவன் பார்க்கப்போறான்." சட்டம் மீன் அளவு பார்க்கிறதில்ல. நம்ம நாட்டு காப்புரிமைச் சட்டம் 1957-ல 63பி-ன்னு ஒரு பிரிவு இருக்கு. உரிமை மீறின மென்பொருள் பிரதியைத் தெரிஞ்சே கணினியில பயன்படுத்துறவருக்குக் குறைஞ்சது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, 50,000 ரூபாய்லேருந்து 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லைன்னு நிரூபிச்சா சிறையை நீதிமன்றம் தவிர்க்கலாம். லைசன்ஸ் நிபந்தனையை மீறின ஒவ்வொண்ணும் இந்தப் பிரிவுல வருமாங்கிறது கோர்ட் முடிவு பண்ற விஷயம். நான் வக்கீல் இல்ல. ஆனா அதுல இருக்கிற "தெரிஞ்சே பயன்படுத்துறவர்"ங்கிற சொல்லைக் கொஞ்சம் யோசிங்க. முதலாளின்னு சொல்லலை, கம்பெனின்னு சொல்லலை. "அப்ப தெரியாம இருக்கிறதே பாதுகாப்புதானே"ன்னு ஒரு புத்திசாலி கேட்பார். சர்வரைப் பார்த்துக்கிறதுக்குன்னே சம்பளம் வாங்கிட்டு, "என்ன ஓடுதுன்னு தெரியாது"ன்னு எந்த முகத்தோட சொல்வீங்க?

காசு, சட்டம் எல்லாத்தையும் விடுங்க. என்ன ஓடுதுன்னு தெரியாததால உலகமே அடி வாங்கின நாள் ஒண்ணு இருக்கு. 2003 ஜனவரி 25. ஸ்லாமர்னு ஒரு புழு, வெறும் 376 பைட். இந்தப் பத்தியில கால்வாசி கூட இருக்காது. பத்தே நிமிஷத்துல, ஓட்டை இருந்த சர்வர்கள்ல 90 சதவீதத்துக்கு மேல தொத்திக்கிச்சு. குறைஞ்சது 75,000 சர்வர். தென்கொரியாவுல இன்டர்நெட் முடங்கிச்சு, அமெரிக்காவுல பேங்க் ஆஃப் அமெரிக்காவோட ஏடிஎம்கள் பல பணம் தரலை. கொடுமை என்னன்னா, அந்த ஓட்டையை அடைக்கிற பேட்ச் ஆறு மாசம் முன்னாடியே, 2002 ஜூலையிலயே வந்தாச்சு. பின்ன ஏன் போடலை? சோம்பேறித்தனம் பாதி. மீதி பாதிக்குக் காரணம், தன் கணினியில சீக்வல் சர்வர் இருக்குன்னே நிறைய பேருக்குத் தெரியாது. எம்எஸ்டிஈ-ன்னு ஒரு இலவச எடிஷன், இன்றைய எக்ஸ்பிரஸோட அப்பா, மத்த மென்பொருள்களோட ஒட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. இருக்குன்னே தெரியாததுக்கு யார் பேட்ச் போடுவாங்க? அதனாலதான் சொல்றேன், "எந்த எடிஷன்"ங்கிறது கணக்குப்பிள்ளை கேள்வி இல்ல. காவல்காரன் கேள்வி.

ஆரக்கிள் ஆளுங்க இதைப் படிச்சு "அப்பாடா, நம்மளது இல்ல"ன்னு சாய வேண்டாம். உங்க பாடு இன்னும் கஷ்டம். வி டாலர் வெர்ஷனைக் கேட்டா பேனர் வரும். பழைய 11ஜி-யில என்டர்பிரைஸ்னா அந்தச் சொல் இருக்கும், ஸ்டாண்டர்டுன்னா எந்தச் சொல்லும் இருக்காது. இல்லாத சொல்தான் பதில்! அதைவிட, என்டர்பிரைஸ் போட்டா டயக்னாஸ்டிக், ட்யூனிங் பேக்குகள் ரெண்டும் தானாவே திறந்திருக்கும். கன்ட்ரோல் மேனேஜ்மென்ட் பேக் ஆக்சஸ்னு ஒரு அளவுருவை நீங்களாப் போய் மூடணும். அதுக்குத் தனிக் காசு. "மெதுவா இருக்கு, ஒரு ஏடபிள்யூஆர் ரிப்போர்ட் எடுத்துப் பாரேன்"னு மேனேஜர் சொல்லி நீங்க எடுத்தா, அதை ஃபீச்சர் யூசேஜ் பட்டியல்ல தேதியோட குறிச்சு வச்சுக்கும். கல்யாணப் பந்தியில கேட்காமலே இலையில வச்சுட்டு, கை கழுவும்போது பில் நீட்டுற மாதிரி.

கம்பெனிகள்மேல எனக்குக் கோபம் இங்கதான். விலையில நாலு மடங்கு வித்தியாசம் வச்சிருக்கிறவங்க, முகப்புல ஒரு கலர் வித்தியாசம் கூட வைக்க மாட்டாங்களா? டெவலப்பர் எடிஷன்ல இணையும்போது ஒருதடவை "இது வியாபாரத்துக்கு அல்ல"ன்னு பெருசாச் சொன்னா என்ன குறைஞ்சுடும்? பால் பாக்கெட்லகூட நீலம், பச்சை, ஆரஞ்சுன்னு பார்த்ததும் தெரியுது. கோடி ரூபாய்ச் சரக்குக்கு அந்த மரியாதை இல்ல. சுலபமா உள்ள வரட்டும், அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்ங்கிற நினைப்பாத்தான் எனக்குப் படுது.

ஆனா அவங்க மாறுற வரைக்கும் நாம சும்மா இருக்க முடியாது. என்ன பண்ணணும்னு சொல்லிடறேன். புது வேலையில சேர்ந்த முதல் வாரம், ஒவ்வொரு சர்வர்லயும், ஒவ்வொரு இன்ஸ்டன்ஸ்லயும் எடிஷன், வெர்ஷன் எண், கோர் எண்ணிக்கை, போட்ட தேதி, அதுல ஓடுறது நிஜ வியாபாரமா சோதனையா, இவ்வளவையும் ஒரு தாள்ல எழுதுங்க. ஆதரவு எப்ப முடியுதுங்கிறதையும் சேருங்க. 2012-க்கு 2022 ஜூலையிலயும், 2014-க்கு 2024 ஜூலையிலயும் முடிஞ்சாச்சு. 2016-க்குக் கெடு 2026 ஜூலை 14. அப்புறம் மேனேஜருக்கு ஒரு மெயில். குற்றம் சொல்ற தொனி வேண்டாம். "நான் பொறுப்பேற்ற அன்று இருந்த நிலவரம் இது. இதில் இன்னின்ன சர்வருக்கு லைசன்ஸ் விவரம் என்னிடம் இல்லை, தயவுசெய்து உறுதிப்படுத்தவும்." நாலு வரி போதும். பதில் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அந்த மெயில்தான் உங்க வில்லங்கச் சான்றிதழ்.

முதலாளி "பார்த்துக்கலாம் தம்பி"ன்னு வாயால சொன்னா, "நீங்க இன்னைக்குச் சொன்னபடி இப்போதைக்கு மாற்றவில்லை"ன்னு இன்னொரு வரி அனுப்புங்க. மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. வட்டிக்கடைக்காரரே சீட்டு கொடுத்துட்டுத்தான் நகையை வாங்குறார்.

"காசே இல்லைங்க, என்ன பண்றது"ன்னு நிஜமாவே கஷ்டப்படுற சின்ன கம்பெனிகளும் இருக்கு. அவங்களுக்கும் நேர்வழி உண்டு. டேட்டா எல்லைக்குள்ள இருந்தா எக்ஸ்பிரஸே போதும், அது தொழிலுக்கும் அனுமதி உள்ளது. பயன்படுத்துறவங்க கொஞ்சம் பேர்னா ஸ்டாண்டர்டை கோர் கணக்குல வாங்காம சர்வர் மற்றும் கேல் கணக்குல வாங்கினா செலவு குறையும். புதுசா ஆரம்பிக்கிறவங்க போஸ்ட்கிரெஸ் பக்கம் போங்க, அதுல இந்த எடிஷன் தொல்லையே கிடையாது. திருட்டு வழிதான் ஒரே வழின்னு சொல்றவர் தேடிப் பார்க்கலைன்னுதான் அர்த்தம்.

நம்ம ஊர்லேருந்து வண்டி ஏறி வர்ற பசங்களுக்கு இங்க மாமா, சித்தப்பா சிபாரிசு கிடையாது. மொழி அரைகுறை. மீட்டிங்ல எல்லாரும் இந்தியில வேகமாப் பேசும்போது பழியை மறுத்துப் பேசவே வார்த்தை வர்றதுக்குள்ள முடிவாயிடும். அதனால அவங்களுக்குப் பதிலா காகிதம் பேசணும். இந்தக் காகிதம் தயார் பண்ண ஒரு மத்தியானம் ஆகும். நாளைக்கே பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு போன் பண்ணும்போது அம்மா "வேலை எப்படிப்பா இருக்கு"ன்னு கேட்பாங்க. "நல்லாருக்கும்மா"ன்னு தைரியமாச் சொல்லலாம்.

டிஸ்கி: எனக்கு எந்தக் கம்பெனியும் கமிஷன் தரலை. கொடுத்தா வாங்கிக்கிறதா வேண்டாமான்னு வீட்ல கேட்டுச் சொல்றேன். :-)